கொமோடோ கடலும் புளோரஸ் மலையும்: குழுவாக ஸ்கூபா பயணம் போகிறவர்களுக்கு

பதினான்கு பேர் கொண்ட ஒரு குழு. அதில் பத்துப் பேர் ஸ்கூபா சான்றிதழ் பெற்றவர்கள், மற்றவர்கள் நீருக்குள் இறங்காதவர்கள். இரண்டு வாரம் இந்தோனேசியா சென்று, சில நாள் கப்பலிலேயே தங்கி முக்குளிக்கவும் சில நாள் ஊர்களையும் வழிபாட்டிடங்களையும் கைத்தொழில்களையும் பார்க்கவும் விரும்புகிறார்கள். எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது, எதை முன்னால் வைப்பது, கப்பல்காரரிடம் என்ன கேட்பது என்பதுதான் கேள்வி. என் விடை இது: இப்படிப்பட்ட கலப்பான குழுவுக்குக் கொமோடோ கடலும் அதை ஒட்டிய புளோரஸ் தீவும் பொருந்தும், மலைநாட்டுப் பகுதியை முதலில் முடித்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள், இறுதி நாட்களைப் பாலியின் தாழ்நிலத்தில் கழியுங்கள். இந்த வரிசையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். பயண நிறுவனங்கள் அனுப்பும் அழகான அட்டவணைகளில் பெரும்பாலும் இதுதான் தலைகீழாக இருக்கிறது.

அழுத்தப்பட்ட காற்றை ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வீதம் ஐந்தாறு நாள் தொடர்ந்து முக்குளித்தவரின் உடலில் அது கணிசமாகத் தேங்கியிருக்கும். அந்த நிலையில் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குச் சென்றால் கரைந்திருந்த வாயு குமிழியாகிவிடலாம். அழுத்தக்குறைவு நோய் என்பது அதுதான். அதனால், பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டான் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலான கப்பல்கள் 24 மணி நேரத்தை விதியாக வைத்திருக்கின்றன. இதை எல்லோரும் அறிவார்கள். விமானத்துக்குப் பொருந்துவது மலைக்கும் பொருந்தும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த 18 மணி நேரக் கணக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலிருந்தே தொடங்கும் அழுத்தக் குறைவை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. புளோரஸின் ருதெங் நகரமும் வாயே ரெபோ மலைக்கிராமமும் 1,100 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கின்றன. பாலியில் சூரிய உதயம் பார்க்க எல்லோரும் ஏறும் பாதூர் எரிமலையின் உச்சி 1,717 மீட்டர். காலையில் கடைசி முக்குளிப்பை முடித்துவிட்டு, மதிய உணவுக்குப் பின் வண்டியில் மலையேறுவது விமானம் ஏறுவதற்குச் சமமான செயல். அட்டவணையில் 'பண்பாட்டுச் சுற்றுலா' என்று எழுதியிருப்பதால் உடல் அதை வேறாக எடுத்துக்கொள்ளாது. மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலில் இறங்குவதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

ஆகவே பயணம் இப்படி அமையலாம். பாலியின் டென்பசார் நகரில் வந்திறங்கி ஓர் இரவு தங்கி, மறுநாள் உள்நாட்டு விமானத்தில் புளோரஸின் மேற்கு முனையிலுள்ள லபுவான் பாஜோவுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து சாலை வழியே ருதெங், வாயே ரெபோ என்று மூன்று நான்கு நாள். திரும்பி வந்து ஐந்து அல்லது ஆறு இரவு கப்பல். இறங்குவதற்கு முந்தைய நாள் மதியத்தோடு முக்குளிப்பு முடிந்துவிட வேண்டும். இறங்கிய நாள் பிற்பகலில் விமானம் ஏறிப் பாலி வந்து, மீதி நாட்களை உபுதிலும் அதைச் சுற்றியுள்ள நெல்வயல் ஊர்களிலும் கழிக்கலாம். உபுத் தாழ்வான இடம்தான். பாலியின் வடகிழக்கில் துலாம்பென் கடற்கரையில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலையும் பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் பயணத்தின் தொடக்கத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் புளோரஸ் விமானத்துக்கு முன்னும் அதே இடைவெளி தேவை என்பதை நினைவில் வையுங்கள். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாகிக் கரையில் ஏற்றப்பட்ட அந்தக் கப்பலை, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடல் உள்வாங்கிக்கொண்டது. கரையிலிருந்து நடந்தே இறங்கலாம் என்பதால் நெடுநாள் முக்குளிக்காதவர்கள் கைப்பழக்கத்தை மீட்டுக்கொள்ள அது நல்ல இடம்.

கிழக்கு இந்தோனேசியாவின் ராஜா அம்பத், பாண்டா ஆகிய தீவுக்கூட்டங்களின் பெயர்களும் உங்கள் பட்டியலில் இருக்கும். பவளத்தின் செழிப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ராஜா அம்பத்துக்கு நிகர் இல்லை. 550க்கும் மேற்பட்ட வன்பவள இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. கிரி முனையில் மீனியல் அறிஞர் ஜெரி ஆலன் ஒரே முக்குளிப்பில் 374 மீன் இனங்களை எண்ணினார். மீன்பிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஊரே கூடித் தடைசெய்யும் 'சாசி' என்ற வழக்கம் அங்கும் மலுக்குத் தீவுகளிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. தேவாலயத்தில் வேண்டுதல் செய்து தடையைத் தொடங்குவதும் திறப்பதும் உண்டு. ஆனால் சோரோங் நகரம் வரை விமானம் மாறி மாறிப் போக வேண்டும், செலவு கூடும், தீவுகளுக்கிடையே தொலைவு அதிகம், முக்குளிக்காதவர்களுக்குக் கப்பலை விட்டால் செய்வதற்கு வேலை குறைவு. பத்துப் பேரும் நீரில் இறங்குகிறவர்கள், மற்றவர்கள் வரவில்லை என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

பாண்டாவின் கதை வேறு. பண்பாடும் கடலும் ஒரே இடத்தில் இவ்வளவு அடர்த்தியாகச் சேர்ந்திருப்பது இந்தோனேசியாவில் வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம். நம் அஞ்சறைப் பெட்டிக்கு வரும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரு காலத்தில் உலகுக்கே இந்தச் சின்னஞ்சிறு தீவுகளிலிருந்துதான் போயின. அந்த வணிகத்தை முழுமையாகக் கைப்பற்ற 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையெடுத்து வந்து, ஊர்ப் பெரியவர்கள் 44 பேரைத் தலை வெட்டிக் கொல்லச் செய்தார். தீவுவாசிகளில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர், பட்டினியில் மாண்டனர் அல்லது அடிமைகளாக நாடு கடத்தப்பட்டனர். 1667இல் பிரெடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர் பாண்டாவிலுள்ள ரன் தீவின் மீதான தங்கள் உரிமையைக் கைவிட்டனர், டச்சுக்காரர்கள் மன்ஹாட்டனை விட்டுக்கொடுத்தனர். இன்று பெல்ஜிக்கா கோட்டையின் மேல் நின்று பார்த்தால் எதிரே குனுங் அப்பி எரிமலை தெரியும். 1988இல் அது உமிழ்ந்த தீக்குழம்பு கடலுக்குள் இறங்கிய சரிவில் பவளம் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்து மூடியிருக்கிறது. சுதந்திரப் போராட்டத் தலைவர்கள் ஹத்தாவும் சியாஹிரும் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த வீடுகளும் கோட்டை இருக்கும் அதே சிற்றூரில் உள்ளன. இத்தனை இருந்தும் உங்கள் குழுவுக்கு நான் அதைச் சொல்லாததற்குக் காரணம், அங்கே கடல் அமைதியாக இருக்கும் காலம் ஆண்டில் இரண்டு சிறு இடைவெளிகளே: மார்ச், ஏப்ரல் ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை மற்றொன்று. திறந்த கடலில் இரவு முழுக்க ஓடும் கப்பலில் பழக்கமில்லாதவர்கள் படும் பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கொமோடோ. 1980இல் தேசியப் பூங்காவாகவும் 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாகவும் அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியில் கொமோடோ, ரிஞ்சா, பாடார் என்பவை பெரிய தீவுகள். பசிபிக் பெருங்கடலின் நீர் இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் வழிகளில் இது ஒன்று; அகன்ற நீர்ப்பரப்பு குறுகிய தீவு இடுக்குகளுக்குள் நெருக்கப்படுவதால் நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல ஓடும். அந்த ஓட்டம்தான் மிதவை உயிர்களைக் கொண்டுவருகிறது, அவற்றைத் தேடி மாண்டா திருக்கைகள் வருகின்றன, பவளம் செழிக்கிறது. ஆபத்தும் அதே ஓட்டத்தில்தான் இருக்கிறது. பாத்து போலோங் என்ற பாறையில் ஓட்டத்துக்கு மறைவான பக்கத்தில் மட்டும் இருந்துகொண்டு மேலும் கீழும் வளைந்து ஏறுவார்கள்; பாறையின் விளிம்பைத் தாண்டினால் நீர் கீழ்நோக்கி இழுக்கும். காசில் ராக், கிறிஸ்டல் ராக் இரண்டும் அனுபவசாலிகளுக்கானவை. மாண்டாக்கள் கூடும் காராங் மகாசார் ஆழமற்ற, ஓட்டத்தோடு மிதந்து செல்லும் இடம். நீந்தத் தெரிந்த மற்றவர்கள் மூச்சுக்குழாய் (ஸ்நார்க்கல்) அணிந்து மேலிருந்தே அவற்றைப் பார்த்துவிடலாம். வடக்கில் நீர் 27 முதல் 29 பாகை செல்சியஸ் வரை இதமாக இருக்கும்போது, தெற்கில் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழுவதால் 20 முதல் 24 வரை இறங்கிவிடும். மூன்று மில்லிமீட்டர் உடையோடு வந்தவர்கள் தெற்கில் நடுங்குவார்கள். ஐந்து மில்லிமீட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

பருவம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் மிகும்; மே, ஜூன், செப்டம்பர் நல்லவை. மாதத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு நாட்காட்டியில் பிறையையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் மிகுந்து ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அரைநிலாவை அடுத்த நாட்களில் அது தணியும். பயணம் தொடங்க ஆகாது என்று நம் வீடுகளில் ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும்தான், வேடிக்கையாக, புதியவர்கள் நிறைந்த குழு கொமோடோவில் நீரில் இருக்க ஏற்ற நாட்கள். மாண்டாக்களும் சுறாக்களும் ஓட்டம் வலுத்த நாட்களில் கூடுதலாகத் தென்படும் என்பதால் தேர்ந்தவர்கள் இதற்கு நேர்மாறாகத் திட்டமிடுவார்கள்.

குழு என்பதன் உண்மையான சிக்கல் இங்கேதான் எழுகிறது. பத்துப் பேரும் சான்றிதழ் பெற்றவர்கள் என்பது ஒரு தகவலே அல்ல. அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும், அடுத்த நிலைச் சான்றிதழ் 30 மீட்டர் வரைக்கும் அனுமதிக்கிறது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ பயிற்சி முடித்து, பத்துப் பதினைந்து முறை நீரில் இறங்கியவர் கொமோடோவின் ஓட்டத்தைச் சந்தித்திருக்க வாய்ப்பு குறைவு. பல கப்பல்கள் அடுத்த நிலைச் சான்றிதழையும் 30 முதல் 50 வரையான பதிவுசெய்த முக்குளிப்புகளையும் எதிர்பார்க்கின்றன. குழுத் தலைவராக இருப்பவர் ஒவ்வொருவரிடமும் மொத்த எண்ணிக்கை, கடைசியாக இறங்கிய மாதம், ஓட்டமுள்ள நீரில் அனுபவம், காற்று எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று நான்கையும் கேட்டு எழுதி வாங்கிக் கப்பலுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். நட்பின் அடிப்படையில் ஜோடி சேர்க்காமல், திறமையும் காற்றுச் செலவும் ஒத்தவர்களை ஒரே வழிகாட்டியின் கீழ் வையுங்கள். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேர் என்பதே நான் ஏற்கும் மேல்வரம்பு. கணவனும் மனைவியும் ஒரே அணியில் இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தும்போது மனைவியின் உருளையில் இன்னும் நூறு பார் (அழுத்த அலகு) காற்று மிச்சமிருக்கையில் கணவனுக்குத் தீர்ந்துபோவதும், நான்கு பேரும் பாதியில் மேலே வருவதும், அன்றைய இரவுச் சாப்பாட்டு மேசையில் யாரும் பேசாமல் இருப்பதும் வழக்கமாக நடப்பவை. முதல் நாள் முதல் முக்குளிப்பு ஓட்டமில்லாத அமைதியான இடத்தில் சோதனையாக நடக்க வேண்டும். அதை விட்டுவிடச் சொல்லும் கப்பலை நம்ப வேண்டாம். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக டைவ் கம்ப்யூட்டரும், மேற்பரப்பில் தங்கள் இடத்தைக் காட்ட ஊதி உயர்த்தும் மிதவைக் குழாயும் கட்டாயம். ஆக்சிஜன் 32 விழுக்காடு கலந்த நைட்ராக்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர் முக்குளிப்பில் நைட்ரஜன் தேக்கம் குறையும். ஆனால் அதைக் கொண்டு சுமார் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, அதற்குத் தனிப் பயிற்சியும் தேவை.

கப்பல் பெரும்பாலும் பினிசி என்ற மரக்கலமாக இருக்கும். தெற்கு சுலவேசியின் புலுகும்பா மாவட்டத்தில், தானா பேரு, பீரா, ஆரா ஊர்களின் கடற்கரையில், கோன்ஜோ மக்கள் இவற்றைக் கட்டுகிறார்கள். முதலில் பக்கப் பலகைகளை மரமுளைகளால் இணைத்துக் கூடு அமைத்து, அதன் பிறகு உள்ளே விலா எலும்புகளைப் பொருத்துவது அவர்கள் முறை. இந்தக் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் பண்பாட்டுப் பயணம் கப்பலில் கால் வைக்கும்போதே தொடர்கிறது என்று சொல்லலாம், கப்பலோட்டியிடம் பேச்சுக் கொடுத்தால். (பாய் விரிப்பது பெரும்பாலும் புகைப்படத்துக்குத்தான், ஓடுவது டீசல் எஞ்சினில்.)

மரக்கலம் என்பதால் தீயைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிபோர்னியக் கடலில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புக் கப்பல் எரிந்தபோது கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிவந்து கவனிக்கும் காவலர் யாரும் அமர்த்தப்படவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: இரவு முழுதும் விழித்திருக்கும் காவல் உண்டா, படுக்கை அறைகளிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டா, கேமரா, டார்ச் பேட்டரிகளை எங்கே, எந்த நேரத்தில் மின்னேற்றுகிறார்கள், புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு அறையிலும் உண்டா, அவசர ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்குப் போதும், மருத்துவத் தேவை வந்தால் எந்தத் துறைமுகத்துக்கு எவ்வளவு நேரத்தில் கொண்டுபோவார்கள். மெத்தையின் தடிமனையும் உணவுப் பட்டியலையும் பற்றி நீண்ட பதில் எழுதிவிட்டு இவற்றுக்கு ஒற்றை வரியில் பதில் தருகிறவரை விட்டுவிடலாம்.

முக்குளிக்காத நால்வர் கப்பலில் சலித்துப்போவார்களோ என்ற கவலை கொமோடோவில் அவ்வளவாக இல்லை. பாடார் தீவின் குன்றேறுதல், மூச்சுக்குழாய் நீச்சல், வனக்காவலர் துணையோடு கொமோடோ உடும்பைப் பார்ப்பது என்று ஒவ்வொரு நாளும் ஒன்று இருக்கும். மூன்று மீட்டர் வரை வளரக்கூடிய அந்த உடும்பை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல் அழியும் ஆபத்துள்ள உயிரினமாக வகைப்படுத்தியது. கொமோடோ கிராமத்து மக்கள் சொல்லும் கதையில் நாக இளவரசி ஒருத்தி இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். ஒன்று மனிதக் குழந்தை, மற்றொன்று 'ஓரா' எனப்படும் உடும்பு. வளர்ந்தபின் காட்டில் உடும்பைக் கொல்லப்போகும் அண்ணனைத் தாய் தோன்றித் தடுக்கிறாள். பூங்கா அமைந்ததால் வேட்டையும் விறகும் தடைபட்டுப்போன அந்த ஊரில் இன்று பலரது பிழைப்பு மரத்தில் செதுக்கிய உடும்புப் பொம்மைகள் விற்பதும் பயணிகளுக்கு வழிகாட்டுவதும்தான். அரை மணி நேரம் கடற்கரையில் நின்று படமெடுத்துத் திரும்பாமல் ஊருக்குள் நடந்து, பேசி, வாங்க விரும்பினால் செதுக்கியவரிடமே வாங்குங்கள். 2022இல் நுழைவுக் கட்டணத்தை 37.5 லட்சம் ருப்பியாவாக உயர்த்தும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது லபுவான் பாஜோவின் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் அது கைவிடப்பட்டது. கட்டணங்கள் இப்படி மாறக்கூடியவை என்பதால் பூங்காக் கட்டணம் கப்பல் விலைக்குள் அடங்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் அடங்காது.

மலைப்பகுதியில் என் தேர்வு மூன்று. ருதெங்குக்கு அருகில் லியாங் புவா குகை. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரமுடைய ஹோமோ புளோரசியென்சிஸ் என்ற பழங்கால மனித இனத்தின் எலும்புகள் 2003இல் கிடைத்த இடம் அது. சன்சாரில் சிலந்தி வலை வடிவத்தில் பரந்திருக்கும் நெல்வயல்கள். நடுப்புள்ளியிலிருந்து ஆரங்களாகப் பிரித்துக் குடும்பங்களுக்குப் பங்கிடும் மங்காராய் மக்களின் நில வழக்கத்தால் அமைந்த வடிவம். மூன்றாவது, வாயே ரெபோ. வண்டிப் பாதை முடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் ஏறினால், கூம்பு வடிவக் கூரை தரையைத் தொடும் ஏழு வீடுகள். ஒவ்வொன்றும் உள்ளே ஐந்து அடுக்கு கொண்டது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் முன்னோரின் அனுமதி கேட்டுப் பெரியவர் செய்யும் சடங்கு முடியும்வரை படமெடுக்கக் கூடாது. பதினான்கு பேர் ஒரே இரவில் தங்குவது அவ்வூருக்குச் சுமை. இரண்டு அணியாகப் பிரிந்து அடுத்தடுத்த நாளில் ஏறினால் அவர்களுக்கும் நல்லது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே வயல்களைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வசதி. சாட்டையால் அடித்துக் கேடயத்தால் தடுக்கும் 'சாச்சி' ஆட்டத்தை லபுவான் பாஜோவுக்கு அருகில் மேலோ கிராமத்தில் பயணிகளுக்காக நடத்திக் காட்டுகிறார்கள். அறுவடை விழாவில் நிஜமாக நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு தேதியைப் பொறுத்தது. காட்சிக்காக நடத்துவதைத் தாழ்வாக நினைக்கும் வழக்கம் பயணிகளிடம் உண்டு. ஆடுகிறவர்களுக்குப் பணம் நேரே போகிறதென்றால் எனக்கு அதில் குறை தெரியவில்லை.

பாலியில் கோயிலுக்குள் இடுப்பில் சாரோங்கும் கச்சையும் கட்டிக்கொள்ள வேண்டும். நியேபி என்னும் மௌனத் திருநாள், பெரும்பாலும் மார்ச்சில் வருவது, 24 மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடும். தேதியைப் பார்த்துவிட்டு விமானச்சீட்டு வாங்குங்கள்.

சில நடைமுறைகள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வருகையின்போதோ முன்கூட்டி இணையத்திலோ 30 நாள் விசா கிடைக்கிறது. கட்டணம் ஐந்து லட்சம் ருப்பியா. பாலிக்குத் தனியாக ஒன்றரை லட்சம் ருப்பியா சுற்றுலா வரி 2024 பிப்ரவரியிலிருந்து உண்டு. சைவ உணவுக்காரர்கள் டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), டோஃபு, கடலைக் குழம்பூற்றிய காடோ காடோ ஆகியவற்றால் நன்றாகவே சாப்பிடலாம், ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் தெராசி என்ற இறால் விழுது சேர்வது வழக்கம் என்பதால் அதைப் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்ல வேண்டும். புளோரஸில் மலேரியா உண்டு. தடுப்பு மருந்து கேட்கும்போது முக்குளிக்கப் போவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் மெஃப்ளோகுயின் தலைச்சுற்றலையும் மனக்குழப்பத்தையும் தரக்கூடும் என்பதால் முக்குளிப்போருக்குப் பொருந்தாது. முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுத்தால் தடத்தையும் நேரத்தையும் நீங்களே வகுக்கலாம். ஆனால் ஒருவர் பின்வாங்கினால் அவர் பங்கை யார் ஏற்பது என்று குழுவுக்குள் முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள். வழக்கமான பயணக் காப்பீட்டில் முக்குளிப்பு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழ வரம்பு இருக்கும். அழுத்த அறைச் சிகிச்சைக்கும், தீவிலிருந்து அழுத்த அறை இருக்கும் டென்பசார் போன்ற ஊருக்குக் கொண்டுசெல்லும் செலவுக்கும் தனி முக்குளிப்புக் காப்பீடு ஒவ்வொருவர் பெயரிலும் இருக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரின் காப்பீட்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிக் கப்பலின் தலைமை வழிகாட்டியிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.